கோபமும் மனநிலை ஏற்ற இறக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவர் இல்லை. என் அண்ணனுக்கு இருமுனை மனநிலைக் கோளாறு, அதாவது பைபோலார். பதினாறு வருடமாகக் கூடவே இருந்து பார்க்கிறேன். எனக்கும் முன்கோபம் உண்டு. அது நோய் இல்லை, ஆனால் அதனால் என் மகள் பட்ட பாடு நிஜம். அண்ணனுக்கு இருப்பது வேறு, எனக்கு இருப்பது வேறு என்று விளங்கவே ஆறேழு வருடம் ஆனது. இப்போது மாதம் ஒருமுறை எங்கள் ஊரில் நாலைந்து குடும்பங்கள் கூடிப் பேசுகிறோம். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கு அடிக்கடி கோபம் வருகிறது. இது குணமா, நோயா?

எவ்வளவு சத்தமாகக் கத்தினீர்கள் என்பதை வைத்து இதைச் சொல்ல முடியாது. எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்போது வருகிறது என்பதைப் பாருங்கள்.

சுருக்கென்று ஏறி, அரைமணி நேரத்தில் தணிந்து, "ஏன் இப்படிப் பேசினோம்" என்று உறுத்தினால் அது பெரும்பாலும் முன்கோபம். பழக்கத்தால் மாற்றலாம். ஒரே நாளில் நாலைந்து முறை உச்சிக்கும் பாதாளத்துக்குமாகப் போய் வருகிறது, பிரியமானவர்கள் விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயத்தோடு வருகிறது, கையைக் கீறிக்கொள்ளும் எண்ணமும் உண்டு என்றால், அதற்கென்றே தனியாக வகுத்த மனநல சிகிச்சைகள் இருக்கின்றன. மாதத்தில் குறிப்பிட்ட ஒரு வாரம் மட்டும் என்றால் மாதவிடாயோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நாட்கணக்கில், வாரக்கணக்கில் ஒரே நிலையில் நின்றால் பைபோலாரா, மனச்சோர்வா என்று மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

இதில் ஆண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மனச்சோர்வு என்றதும் மூலையில் உட்கார்ந்து அழுவதுதான் நம் கண்ணுக்கு வருகிறது. பல ஆண்களுக்கு அது எரிச்சலாகத்தான் வெளியே தெரியும். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது, சாப்பாட்டில் குறை, தூக்கம் கெடுவது, குடி கூடுவது. "அவருக்கு வயசாக ஆகக் கோபம் கூடிப்போச்சு" என்று வீட்டில் சொல்லும் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது மனச்சோர்வுக்கான சிகிச்சை.

மூட் ஸ்விங் என்பதும் பைபோலார் என்பதும் ஒன்றா?

இல்லை. காலையில் உற்சாகம், சாயங்காலம் சலிப்பு என்பது எல்லோருக்கும் உள்ளது. பைபோலாரில் மனம் ஏறினால் ஏறியபடியே நாட்கணக்கில் நிற்கும். மேனியா என்று சொல்ல ஒரு வாரமாவது நீடித்திருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு முற்றிவிட்டால் அந்த ஒரு வாரம்கூட வேண்டியதில்லை. அதைவிட லேசானதற்கு நாலு நாள். இறங்கினால், மனச்சோர்வு என்று சொல்ல இரண்டு வாரம்.

மேனியா எப்போதும் சந்தோஷமாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பலருக்கு அது முழுக்க முழுக்கக் கோபம். குறுக்கே பேசினால் தாங்காது, தடுத்தால் பாயும். அதனால்தான் "திமிர்" என்று பெயர் வைத்துவிடுகிறோம். நாங்களும் அப்படித்தான் வைத்தோம்.

என் அண்ணனுக்கு முதல் அடையாளம் பரண். ஒரு ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் நிற்கிறார். பரணில் இருந்த பித்தளை அண்டா, பழைய தொட்டில் கம்பு, அப்பாவின் டிரங்குப் பெட்டி எல்லாம் கூடத்தில் வரிசையாக. "தூக்கம் வரல பாப்பா, வீட்டை ஒழுங்கு பண்ணிரலாம்" என்றார். முகத்தில் களைப்பே இல்லை. அன்றைக்கு அவர் தூங்கியது இரண்டு மணி நேரம், அதற்கு முந்தின நாளும் அவ்வளவுதான். பத்தாவது நாள் கடையை விற்று லாரி வாங்கப் போகிறேன் என்று முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார். தடுக்கப் போன அப்பாவின் சட்டையைப் பிடித்தார்.

தூக்கம் குறைந்தும் களைப்பு இல்லாமல் இருப்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி. தூக்கம் வராமல் புரண்டு புரண்டு காலையில் சோர்ந்து எழுவது வேறு. தூங்கவே தேவையில்லாதது போல் இருப்பது வேறு. அதோடு பேச்சு வேகம், கண்டபடி செலவு, பெரிய பெரிய திட்டம், பாலுறவு விஷயத்தில் வழக்கமில்லாத துணிச்சல் ஆகியவை சேர்ந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

எப்படிக் குறித்து வைப்பது? ஆப் ஏதாவது வேண்டுமா?

மாதக் காலண்டர் போதும். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விஷயம்: எத்தனை மணி நேரம் தூக்கம், மனநிலைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண், கோபம் வெடித்தால் ஒரு பெருக்கல் குறி. பெண்கள் மாதவிடாய் நாளைச் சிவப்பில் வட்டமிடலாம். ராத்திரி பல் விளக்கும்போது எழுதினால் மறக்காது.

இரண்டு மாதம் ஆனதும் அந்தத் தாளைக் கிழித்து மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். அரசு மருத்துவமனை ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். "எப்பவுமே கோபப்படுறார் டாக்டர்" என்று சொல்வதைவிட அந்தத் தாள் அதிகம் பேசும்.

பீரியட்ஸுக்கு முன்னால் நான் வேறு ஆளாகிவிடுகிறேன். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

சிரிப்பவர்களை விட்டுத் தள்ளுங்கள். மாதவிடாய்க்கு முந்தின வாரத்தில் கடுமையான எரிச்சல், அழுகை, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்து, ரத்தப்போக்கு தொடங்கிய சில நாட்களில் திரை விலகினாற்போல் போய்விடுவதை மாதவிடாய்க்கு முந்தைய மனநிலைக் கோளாறு என்கிறார்கள். மருத்துவர்கள் பி.எம்.டி.டி. என்று எழுதுவார்கள். உறுதிசெய்ய இரண்டு மாதவிடாய்ச் சுழற்சிக்காவது நாள் நாளாகக் குறித்த பதிவு கேட்பார்கள். மேலே சொன்ன காலண்டரே போதும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளை, மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில் மட்டும் எடுத்தே பலருக்குக் குணம் தெரிகிறது. சிலருக்குக் கருத்தடை மாத்திரையும் பயன்படும்.

குழந்தை பெற்ற பெண்ணைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வாரத்துக்குள் வரும் அழுகையும் எரிச்சலும் பெரும்பாலும் தானாக அடங்கும். அதற்கு மேல் நீடித்தால் காட்ட வேண்டும். ராத்திரி பகலாகத் தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தையைப் பற்றி விபரீதமாக எதுவும் சொன்னால் அது அவசரம். தாயையும் பிள்ளையையும் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

மனசு தவிர, உடம்பில் ஏதாவது காரணம் இருக்குமா?

தாராளமாக இருக்கலாம். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் படபடப்பு, கை நடுக்கம், எடை குறைவு, கூடவே எரிச்சல். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் சாப்பாட்டு நேரம் தவறியதும் திடீரென்று சிடுசிடுத்தால், வாக்குவாதம் செய்யாமல் முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே போயிருந்தால் அந்தக் கோபம் அவருடையதல்ல. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் தரும் ஸ்டீராய்டு, வலிப்புக்குத் தரும் லெவெடிரசெட்டாம் இரண்டும் சிலருக்கு மனநிலையைக் கலைக்கும். மாத்திரை தொடங்கிய தேதியையும் கோபம் தொடங்கிய தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். சத்தமாகக் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று திணறுபவருக்கு எட்டு மணி நேரம் படுத்தாலும் தூக்கம் கிடைப்பதில்லை. பகல் முழுக்க எரிச்சல்தான் மிச்சம்.

குடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குடித்த ராத்திரியில் மட்டுமல்ல, மறுநாள் இறங்கும்போதும் கோபம் வரும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அந்த நொடியில் என்ன செய்வது?

அந்த நொடியில் அறிவுரை எதுவும் வேலை செய்யாது. இதயம் நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடிக்கும்போது எதிரே இருப்பவர் சொல்வது காதில் விழும், மண்டையில் ஏறாது. அதனால் பேச்சை விட்டுவிட்டு உடம்பைக் கவனியுங்கள்.

முதலில் இடத்தை விட்டு நகருங்கள். ஆனால் சொல்லிவிட்டு நகருங்கள். கதவை அறைந்து சாத்திவிட்டுப் போவது இன்னொரு அடி. எங்கள் வீட்டில் வழக்கமான வாக்கியம்: "எனக்கு ஏறுது, அரைமணி நேரத்துல வர்றேன்." சொன்ன நேரத்துக்குத் திரும்பி வருவது மிக முக்கியம். வராவிட்டால் அடுத்த முறை யாரும் உங்களைப் போக விடமாட்டார்கள். உடம்பு அடங்க இருபது நிமிடமாவது வேண்டும். அந்த இருபது நிமிடமும் "அவள் எப்படி அப்படிச் சொல்லலாம்" என்று மனசுக்குள்ளே வழக்கு நடத்தினால் நாள் முழுக்க ஆனாலும் அடங்காது. துணி மடியுங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், கைக்கு வேலை கொடுங்கள்.

குளிர்ந்த தண்ணீரில் முகத்தை நனைத்து, நெற்றியும் கண்ணைச் சுற்றிய பகுதியும் நன்றாகக் குளிரும்படி அரை நிமிடம் வைத்தால் இதயத் துடிப்பு குறையும். நீரில் மூழ்கும்போது உடம்பு தானாகச் செய்யும் வேலை அது. இதய நோய் உள்ளவர்கள் இதை மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். மூச்சை இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரம் நீளமாக இருக்கட்டும். நாலு எண்ணும் வரை இழுத்தால் எட்டு எண்ணும் வரை விடுங்கள்.

கோபத்தோடு பைக் எடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போடாதீர்கள். அடுப்படியில் நின்று சண்டை போடாதீர்கள், அங்கே கைக்கு எட்டுவதெல்லாம் சூடானது, கூரானது.

அடக்கி வைத்தால் உள்ளே சேர்ந்து வெடிக்காதா? தலையணையைக் குத்தித் தீர்த்துவிடச் சொல்கிறார்களே?

கத்தித் தீர்த்தால் பாரம் இறங்கினாற்போல் இருக்கும், உண்மைதான். ஆனால் கோபம் குறைவதில்லை, அடிக்கிற பழக்கம்தான் கைக்கு வருகிறது. 2024-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, ஏற்கெனவே நடந்த 154 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலோடு, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. மூச்சுப் பயிற்சி, தியானம், யோகா என்று உடம்பைத் தணிப்பவை கோபத்தைக் குறைத்தன. உடம்பைச் சூடேற்றும் செயல்களைச் சேர்த்துப் பார்த்தால் பலன் இல்லை. மெதுவோட்டம் கோபத்தைக் கூட்டவே செய்தது. ஓடுவது உடம்புக்கு நல்லது, தினமும் ஓடுங்கள். கோபம் வந்த அந்த நேரத்துக்கு அது மருந்தில்லை.

அடக்குவதும் தணிப்பதும் ஒன்றல்ல. தணிந்த பிறகு அந்த விஷயத்தைப் பேசியே ஆக வேண்டும். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்கினால் மறுபடி சண்டை. "நேத்து சொல்லாம உங்க அம்மா வீட்டுக்குப் போனது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்று நடந்த ஒன்றை மட்டும் சொன்னால் பதில் வரும்.

என் கணவர் ஆபீஸில் தங்கமானவர் என்று பெயர். வீட்டுக்குள் வந்தால்தான் அடி, உதை. இது நோயா?

மேனேஜர் திட்டும்போது அடக்க முடிகிறது, மனைவி கேட்கும்போது அடக்க முடியவில்லை என்றால், அவரால் அடக்க முடியும் என்றுதான் அர்த்தம். யாரிடம் காட்டினால் தனக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்து காட்டுகிற கோபம் அது. அதற்கு மருத்துவப் பெயர் தேடி நீங்கள் தாங்கிக்கொண்டு இருக்க வேண்டாம். நோய் இருந்தாலுமே, அடி வாங்குவது சிகிச்சையின் பகுதி அல்ல.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீங்கள் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ், கொஞ்சம் பணம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வைத்திருங்கள்.

பிள்ளையிடம் கத்திவிட்டேன். இனி என்ன செய்வது?

மன்னிப்புக் கேளுங்கள். முழுதாகக் கேளுங்கள்.

என் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு காலை, எட்டு பத்துக்கு வேன் வரும். ஒரு காலில்தான் ஷூ போட்டிருந்தாள், இன்னொன்றைக் காணோம். நான் கத்திய கத்தில் அடுத்த வீட்டு அக்கா ஜன்னலைத் திறந்தார்கள். கையில் இருந்த டிபன் பாக்ஸைத் தரையில் அடித்தேன். மூடி கழன்று எலுமிச்சைச் சாதம் சிதறியது. அவள் அழவில்லை. ஒற்றை ஷூவோடு குனிந்து ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். ஷூ வண்டிக்கு அடியில் கிடந்தது, முந்தின நாள் நான்தான் காலால் தள்ளியிருந்தேன்.

சாயங்காலம் அவள் உயரத்துக்கு உட்கார்ந்து, "அம்மா கத்தினது தப்பு. ஷூ தொலைஞ்சதுக்கு நீ காரணம் இல்ல" என்றேன். "நீ லேட் பண்ணினதாலதான்" என்று ஒரு வால் சேர்க்காமல் இருப்பதுதான் கடினமாக இருந்தது. அதைவிடப் பயன்பட்டது வேறொன்று. காலண்டரில் என் பெருக்கல் குறிகளைப் பார்த்தால் பாதிக்கு மேல் காலை ஏழே முக்காலுக்கும் எட்டேகாலுக்கும் நடுவில். ஷூவையும் பையையும் ராத்திரியே வாசலில் வைக்க ஆரம்பித்தோம். என் குணம் மாறியதோ இல்லையோ, கத்தல் குறைந்தது.

மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் சாப்பிட வேண்டுமா? அடிமையாகிவிடுவோமா?

வெறும் முன்கோபத்துக்குப் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படாது, முறையான கவுன்சலிங் போதும். பைபோலாருக்கு மாத்திரை அவசியம், பலருக்கு நீண்ட காலத்துக்கு. மனநிலையைச் சீராக்கும் மருந்துகளுக்கு ஏக்கம் பிறப்பதில்லை. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் சில மாத்திரைகளுக்குத்தான் அந்த ஆபத்து, அவற்றை எழுதிக் கொடுத்த நாளுக்கு மேல் நீட்டக் கூடாது.

லித்தியம் பழைய மருந்து. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-இல் மேனியாவுக்கு அது கேட்கிறது என்று எழுதினார். இன்றைக்கும் அதற்கு இணையாகச் சில மருந்துகளே உண்டு. ஆனால் போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. அதனால் ரத்தத்தில் அளவு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசி வேளை மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். அன்றைக்குக் காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போனால் அளவு தப்பாகக் காட்டும். சிறுநீரகம், தைராய்டு பரிசோதனையும் இடையிடையே உண்டு.

நம் ஊர் வெயிலுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். வியர்த்துக் கொட்டி உடம்பில் தண்ணீர் வற்றினால் லித்தியம் அளவு ஏறும். திடீரென்று உப்பைக் குறைத்தாலும் ஏறும். தண்ணீர்கூடக் குடிக்காத விரதமோ நோன்போ இருப்பதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்லோஃபெனாக், ஐபுப்ரொஃபென் மாத்திரைகளும் ஏற்றிவிடும். வாந்தி, பேதி, கை பெரிதாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, நாக்குக் குழறுவது தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வால்ப்ரோயேட் என்ற மருந்து கருவில் உள்ள குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். பிள்ளை பெறும் வயதில் இருப்பவருக்கு அது எழுதப்பட்டிருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் பேசுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்னொன்று: பைபோலார் உள்ளவர் மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் தனியாக எடுத்தால் சிலருக்கு மேனியா கிளம்பிவிடும். அதனால் முன்பு எப்போதாவது தூக்கமில்லாமல் துள்ளிய காலம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. கல்யாண வீட்டில் தூக்கம் கெடும், செலவும் பரபரப்பும் கூடும், பைபோலார் உள்ளவருக்கு அதுவே தூண்டிவிடும். வருபவளிடமோ வருபவரிடமோ மறைப்பது துரோகம். சொல்லிச் செய்த கல்யாணங்கள் எங்கள் கூட்டத்திலேயே இரண்டு இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன.

கோயில், தர்கா, மந்திரிப்பது எல்லாம்?

போங்கள். மனசுக்குத் தெம்பாக இருக்கும். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், யாரையும் கட்டி வைக்கச் சம்மதிக்காதீர்கள். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்று வர மறுக்கிறார். எப்படிக் கூட்டிப் போவது?

"உனக்குப் பைத்தியம்" என்ற தொனி கொஞ்சமும் வேண்டாம். அவருக்கே தொல்லையாக இருப்பதைப் பிடியுங்கள். தூக்கம் வரவில்லை, தலை பாரம், கடன் ஏறிவிட்டது என்று ஏதாவது இருக்கும். என் அண்ணன் முதல் முறை வந்தது தூக்கத்துக்கு மாத்திரை வாங்க. யார் சொன்னால் கேட்பாரோ அவரை வைத்துச் சொல்லுங்கள். எங்களுக்கு அது தாய்மாமா. மனசு ஏறியிருக்கும் நேரத்தில் வாதாடாதீர்கள். நன்றாக இருக்கும் காலத்தில், மறுபடி ஏறினால் யார் கூட்டிப் போவது, பணம், ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருப்பது என்று அவரோடு சேர்ந்தே பேசி எழுதி வையுங்கள்.

"செத்துப் போகலாம் போல இருக்கு" என்கிறார். அதைப் பற்றிக் கேட்டால் தூண்டிவிட்டது போல ஆகாதா?

ஆகாது. நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, பலருக்கு அப்பாடா என்றிருக்கும். யோசித்து வைத்திருக்கிறேன் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரை டப்பா இரண்டையும் வீட்டை விட்டே அகற்றிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். ஆம்புலன்ஸ் 108.

எங்கே போவது? செலவு தாங்குமா?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டம் எங்கே நடக்கிறது என்று கேளுங்கள், மாத்திரையும் இலவசம். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை 1794-இலிருந்து இயங்குகிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கேலி பேசும் பழக்கத்தை நாம் விட வேண்டும். வீட்டிலிருந்தே பேச, மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தற்கொலைத் தடுப்புக்கான சென்னை சினேகா அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926. மருத்துவக் காப்பீடு இருந்தால், மற்ற நோய்களைப் போலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. மறுத்தால் அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேளுங்கள்.

உங்கள் அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார்?

சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பதினாறு வருடத்தில் மூன்று முறை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. கடைசி முறை ஆறு வருடத்துக்கு முன்னால், "நல்லாயிட்டேன்" என்று மாத்திரையை அவராக நிறுத்தியபோது. போன சித்திரையில் ஒரு நாள் காலை ஐந்தரைக்குப் போன் வந்தது. "பாப்பா, ரெண்டு நாளா நாலு மணி நேரந்தான் தூங்குறேன். நேத்து ராத்திரி ஏணியைக்கூட எடுத்துட்டேன். பரண்ல ஏறல. டாக்டரைப் பார்க்கணும், நீ வர்றியா?" என்றார். எட்டு மணிக்கெல்லாம் ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் நின்றோம். காலண்டர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.